மேலோடு எழும்பி நிற்கட்டும்

சென்ற திங்கள் வாசக அன்னை ஒருவரிடமிருந்து நமக்கொரு மடல் வந்தது. அவருடைய மகள் ஜெர்மனியில் மருத்துவமனையொன்றில் செவிலியாகப் பணிபுரிகிறார். விடுமுறைக்கு வந்திருந்த மகள், அந்நாட்டில் தாம் விரும்பி உண்ணும் பண்டமொன்றைப் பெற்றோருக்குச் செய்து கொடுக்க முற்பட்டாராம். பன்றியிறைச்சியை மெல்லிய துண்டுகளாக்கி, மாவிலும் முட்டையிலும் ரொட்டித்தூளிலும் புரட்டிப் பொரித்தெடுக்கும் ஷ்னிட்ஸல் என்பதே அது. முதல் நாள் செய்தபோது மேலோடு இறைச்சியோடு ஒட்டவே இல்லையாம். அப்பளம் போல் உப்பி எழும்பிக் கொண்டதாம். மறுநாள் ரொட்டித்தூளை நன்றாக அழுத்தி ஒட்டவைத்து, ஒரு மணி நேரம் ஊறவிட்டுப் பொரித்தார்களாம். ஒட்டிக்கொண்டது, ஆனால் எண்ணெய் குடித்துத் தோல் போல் ஆகிவிட்டது. எங்கே தவறினோம் என்று அந்த அன்னை கேட்டிருக்கிறார்.

முதல் நாள் செய்ததில் தவறே இல்லை என்பது நமது விடை. இறைச்சியை விட்டு மேலோடு அலையலையாக எழும்பி நிற்பதைத்தான் அந்நாட்டுச் சமையற்காரர் வேண்டி நின்று செய்கின்றனர். அது எழும்பாமல் அட்டைபோல் ஒட்டிக்கொண்டால் முகம் சுளிப்பர். மசாலா இறைச்சியில் ஊற வேண்டும், பிடிக்க வேண்டும் என்பது நம் அடுக்களையின் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு இப்பண்டத்தை அணுகினால் கை தானாகவே அழுத்தும். இங்கே அழுத்தலாகாது, ஊறவிடலாகாது. மற்றெல்லா முறைகளும் இவ்விரண்டிலிருந்தே பிறக்கின்றன. ஆகவே காரணத்தோடு விரித்துச் சொல்ல விழைகிறோம்.

முதலில் பெயரைப் பற்றிச் சில சொற்கள். 'ஷ்னிட்ஸ்' என்றால் ஜெர்மன் மொழியில் சீவியெடுத்த துண்டு. தென் ஜெர்மனியில் ஆப்பிள் துண்டுக்கும் அதே சொல்தான் வழங்குகிறது. 'ஷ்னிட்ஸல்' அதன் செல்லக் குறுக்கம். சிறு சீவல் என்று நாம் கொள்ளலாம். ஆகவே ரொட்டித்தூள் பூசியிருப்பதால் வந்த பெயரன்று அது. எலும்பின்றி மெலிதாகச் சீவப்பட்டதால் வந்தது. எலும்போடு கூடிய விலாத் துண்டுக்கு அவர்கள் 'கோட்டலெட்' என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் கட்லெட் என்று விற்கப்படும் உருளைக்கிழங்கு வடைக்கும் இதற்கும் உறவு ரொட்டித்தூள் அளவில்தான்.

வியன்னா நகரின் பெயர் தாங்கிய 'வீனர் ஷ்னிட்ஸல்' உலகப் புகழ் பெற்றது. அது கன்றின் இறைச்சியால் ஆனது. ஆஸ்திரியாவிலும் சரி, ஜெர்மனியிலும் சரி, கன்றிறைச்சி அல்லாத ஒன்றை வெறுமனே அப்பெயரால் விற்க உணவு விதிகள் இடந்தருவதில்லை. பன்றியிறைச்சியானால் 'வியன்னா முறை ஷ்னிட்ஸல்' என்றோ, 'பன்றியிறைச்சியின்' என்ற அடைமொழி சேர்த்தோ உணவுப் பட்டியலில் எழுத வேண்டும். கன்றிறைச்சி விலை மிகுந்தது. ஆகவே ஜெர்மனியின் சாதாரண இல்லங்களில் ஷ்னிட்ஸல் என்றால் பெரும்பாலும் பன்றியிறைச்சிதான். படைத்தலைவர் ராடெட்ஸ்கி 1857ஆம் ஆண்டில் மிலான் நகரிலிருந்து இப்பண்டத்தை வியன்னாவுக்குக் கொணர்ந்தார் என்றொரு கதை நெடுநாளாக உலவுகிறது. அதற்குச் சான்றேதும் இல்லை என்று ஆஸ்திரிய மொழியியலறிஞர் ஹைன்ஸ் டீட்டர் போல் ஆராய்ந்து எழுதிய பின்னரும் உணவகங்களில் அக்கதை நின்றபாடில்லை. நல்ல கதைகள் எளிதில் ஓய்வதில்லை போலும்.

நாம் தென் ஜெர்மனியின் பவேரியாவில், நாட்டுப்புறப் பங்கொன்றில் சில ஆண்டுகள் துணைப் பணியாற்றியதுண்டு. ஞாயிறு திருப்பலி முடிந்து ஊரின் தெருவழியே நடந்தால், திறந்திருந்த சன்னல்கள் சிலவற்றினின்று 'டொக், டொக்' என்னும் ஓசை வரும். முதலில் தச்சு வேலை என்றே எண்ணினோம். ஓய்வு நாளில் இப்படியுமா என்று வியந்து கேட்டபோது, பங்கு இல்லத்தின் அடுக்களைப் பொறுப்பிலிருந்த மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தார். நண்பகல் உணவுக்கு ஷ்னிட்ஸல் தட்டும் ஓசையாம் அது. இறைச்சி தட்டுவது முதல் பரிமாறுவது வரை நாம் கற்றதெல்லாம் அவருடைய அடுக்களையில்தான். வாசகருக்கு இங்கு எழுதுவதும் அவர் செய்த முறையே. நம் ஊர்ப் பொருட்களைக் கொண்டு செய்கையில் எங்கே மாற்றம் வேண்டுமோ அங்கே மட்டும் மாற்றியிருக்கிறோம்.

4 பேருக்கு எலும்பும் தோலும் கொழுப்பும் நீக்கிய இறைச்சி 600 கிராம் போதும். முதுகுத்தண்டை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும் சதை நல்லது. பின் தொடையின் உட்சதை அதனினும் நல்லது என்பது அம்மூதாட்டியின் கருத்து. முதுகுச் சதை விரைவில் உலர்ந்து போகும். தொடைச் சதை சாறு விடாது. இறைச்சிக் கடையில் தோலோடும் கொழுப்போடும் கலந்து வெட்டித் தருவதே நம் ஊர் வழக்கம். 'வெட்ட வேண்டாம், தொடையில் ஒரே துண்டாகக் கொடுங்கள்' என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். துண்டாக்கிவிட்ட இறைச்சியைக் கொண்டு இப்பண்டத்தைச் செய்ய இயலாது.

கடையில் நின்றபடியே கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. இறைச்சியை வெட்டிய முகத்தில் அரிசி மணி போலவோ பட்டாணி போலவோ வெண்ணிறக் கொப்புளங்கள் தென்பட்டால், எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது. அவை நாடாப்புழுவின் இளம் பருவம். அவ்விறைச்சியை அரைவேக்காட்டில் உண்டவரின் குடலில் புழு வளர்கிறது. அதனால் அவருக்கு நேரும் துன்பம் பெரிதன்று என்று தோன்றலாம். ஆனால் அவருடைய மலத்தின் வழியே வெளியேறும் முட்டைகள், கழுவாத கையாலும் நீராலும் காய்கறியாலும் பிறர் வயிற்றை அடைந்தால், அங்கிருந்து இளம்புழுக்கள் மூளைவரை சென்று தங்கி வலிப்பு நோயை உண்டாக்குகின்றன. பன்றியிறைச்சியைத் தொட்டும் பாராத குழந்தைக்கும் இவ்வாறு வலிப்பு வரக்கூடும். ஆகவே கட்டி வளர்த்துத் தீனி போட்ட பண்ணைப் பன்றியின் இறைச்சியையே, நம்பிக்கையான கடையில் வாங்குவது குடும்பம் முழுவதையும் காக்கும் செயல். கழிப்பறைக்குச் சென்று வந்தபின் சவுக்காரமிட்டுக் கை கழுவுவதும் அவ்வாறே.

ஜெர்மானியர் இவ்விஷயத்தில் பெரும் விலை கொடுத்துப் பாடம் கற்றவர்கள். அவர்களை வாட்டியது வேறொரு புழு. டிரிக்கினா என்பது அதன் பெயர். 1860ஆம் ஆண்டில் டிரெஸ்டன் நகரில் இறந்த இளம் பணிப்பெண் ஒருத்தியின் தசையில் அப்புழுக்களைக் கண்டு, பன்றியிறைச்சியின் வழியே அவை மனிதரைக் கொல்லுகின்றன என்று காட்டியவர் மருத்துவர் ஃப்ரீட்ரிஷ் ஆல்பெர்ட் ஸெங்கர். 1865ஆம் ஆண்டில் ஹெடர்ஸ்லேபன் என்னும் ஒரே ஊரில் நூறு பேருக்கு மேல் அந்நோயால் மாண்டனர். இறைச்சியை நுண்ணோக்கியில் சோதித்த பின்னரே விற்க வேண்டும் என்று பேரறிஞர் ருடோல்ஃப் ஃபிர்ஹோ ஓயாமல் வாதாடினார். 1900ஆம் ஆண்டில் நாடு முழுமைக்குமான இறைச்சிச் சோதனைச் சட்டம் பிறந்தது. அந்தச் சோதனையை நம்பித்தான் இன்றும் அவர்கள் கொத்திய பச்சைப் பன்றியிறைச்சியை ரொட்டியில் தடவி உண்கிறார்கள். நாம் அந்தப் பழக்கத்தின் பக்கமே செல்ல வேண்டாம். ஷ்னிட்ஸலோ மெல்லியது, கொதிக்கும் நெய்யில் நடுப்பகுதிவரை முற்றிலும் வெந்துவிடும். வெட்டிப் பார்க்கையில் உள்ளே சிவந்த நீர் கசியாமலிருக்க வேண்டும் என்பது மட்டுமே சோதனை. பச்சை இறைச்சி கிடந்த பலகையிலும் கத்தியிலும் காய்கறி நறுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக் கொள்க.

இனி அடுக்களைக்கு வருவோம்.

இறைச்சியின் நார் ஓடும் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்காக வெட்டவேண்டும். நாரோடு வெட்டினால் பொரிக்கையில் சுருண்டு படகுபோல் வளைந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு ஒரு வெட்டு வெட்டி, அறுபடாமல் நிறுத்தி, அடுத்த வெட்டில் துண்டை நீக்கிப் புத்தகம் போல் விரித்தால் அகன்ற துண்டு கிடைக்கும். வண்ணத்துப்பூச்சி வெட்டு என்று அவர்கள் அழகாகச் சொல்கிறார்கள். விரித்த துண்டைக் கெட்டியான பிளாஸ்டிக் தாள் இரண்டுக்கு நடுவே வைத்துத் தட்ட வேண்டும். பல் வைத்த சுத்தியல் வேண்டாம். அது சதையைக் கிழித்துவிடும். சப்பாத்திக் கட்டையோ, அடி கனத்த சிறு பாத்திரமோ போதும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, இடிக்காமல் தள்ளித் தள்ளித் தட்டினால் 5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரே சீராக விரியும். ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தால், ஒன்று வேகுமுன் மற்றது கருகும். தட்டும் வேலையைக் கணவரிடமோ வளர்ந்த மகனிடமோ ஒப்படைக்கலாம். பவேரியாவில் நாம் கேட்ட அந்த 'டொக், டொக்' ஓசையில் பாதி ஆண்மக்களின் கைவண்ணம்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

மஞ்சள் தேய்த்து இறைச்சியைக் கழுவுவது நம் வழக்கம். கழுவுவதானால் முழுத் துண்டாக இருக்கும்போதே கழுவி, தூய துணியால் ஈரம் போக ஒற்றியெடுத்துவிட வேண்டும். துண்டுகளாக்கித் தட்டிய பிறகு மீண்டும் ஒருமுறை ஒற்றுவது நலம். ஈரம் இருந்தால் மாவு பசையாகிவிடும். அந்தப் பசை வழுக்கி, மேலோடு துண்டு துண்டாக உடைந்து உதிரும். இவ்வாறு உதிர்வது வேறு, முன்னே சொன்னபடி எழும்பி நிற்பது வேறு. எழும்பிய மேலோடு முழுமையாக ஒரே போர்வையாய் இறைச்சியைச் சுற்றி நிற்கும். கத்தி பட்ட பிறகே விரியும். உதிர்ந்ததோ வாணலியில் கிடந்து கருகும். முன்னதை விரும்ப வேண்டும், பின்னதைத் தவிர்க்க வேண்டும். உப்பும் இறைச்சியினின்று நீரை வெளியே இழுக்கும். ஆதலால் மாவில் புரட்டுவதற்குச் சற்று முன்னரே இருபுறமும் உப்புத் தூவ வேண்டும். இஞ்சி பூண்டு விழுது தடவலாமா என்று பலரும் கேட்பர். தடவினால் வேறொரு சுவையான பண்டம் கிடைக்கும், ஷ்னிட்ஸல் கிடைக்காது. சிறிது மிளகுத்தூள் வேண்டுமானால் ஆகட்டும்.

ரொட்டித்தூளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனியில் விற்காமல் மீந்த சிறு ரொட்டிகளை உலர்த்தி அரைப்பதே வழக்கம். பங்கு இல்லத்து மூதாட்டி, ஒரு கிழிந்த தலையணை உறை போன்ற துணிப்பையில் பழைய ரொட்டித் துண்டுகளை இட்டுக் கதவின் பின்னால் மாட்டியிருப்பார். போர் முடிந்த பின் பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்ற பிள்ளைப்பருவம் அவருடையது. மேற்கு ஜெர்மனியில் உணவுப் பங்கீடு 1950ஆம் ஆண்டில்தான் நீங்கிற்று. அவர் வீட்டில் அந்நாளில் இறைச்சி ஞாயிற்றுக்கு மட்டுமே. அதையும் மெலிதாகத் தட்டி, பழைய ரொட்டியைப் போர்த்தினால் சிறு துண்டும் தட்டை நிறைக்கும். வறுமையில் பிறந்த சூழ்ச்சி என்று அவரே சொல்லுவார். நம் ஊரில் கிடைக்கும் ரொட்டி பெரும்பாலும் இனிப்புக் கலந்தது. சர்க்கரை விரைவில் கருகுவதால், இறைச்சி வேகுமுன் மேலோடு கறுத்துவிடும். ரஸ்க்கிலும் அதே தொல்லை. ஆகவே இனிப்பில்லாத ரொட்டியைத் தேடி வாங்கி, 2 அல்லது 3 நாள் நன்றாக உலர்த்தி, மிக்ஸியில் பொடித்து ஒரே சீராகச் சலித்துக் கொள்க. பூஞ்சை வாடை இருந்தால் எறிந்துவிடுக. 200 கிராம் தூள் தாராளமாகப் போதும். நிறமூட்டிய தூள் கடைகளில் கிடைக்கிறது. நாம் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். அதில் பண்டம் வெந்ததையும் வேகாததையும் கண்ணால் கண்டறிய முடிவதில்லை.

மூன்று அகன்ற தட்டுகளை வரிசையாக வைக்க வேண்டும். முதல் தட்டில் மைதா மாவு. இரண்டாவதில் 2 முட்டைகளை உடைத்து, 2 தேக்கரண்டிப் பாலும் சிட்டிகை உப்பும் சேர்த்து முள்கரண்டியால் சற்றே கலக்கியது. நுரைக்க அடிக்க வேண்டாம். வெள்ளையும் மஞ்சளும் அங்கங்கே தனித்துத் தெரிந்தாலும் பிழையில்லை. மூன்றாவதில் ரொட்டித்தூள். இறைச்சியை மாவில் புரட்டி, மிகுந்த மாவு போக நன்றாக உதற வேண்டும். பிறகு முட்டையில் தோய்த்து, வடியவிட்டு, ரொட்டித்தூளில் கிடத்தி, மேலே தூளை அள்ளிப்போட்டு, திருப்பி, மெல்லத் தூக்கி ஒருமுறை அசைத்தால் போதும். ஒட்டியது ஒட்டட்டும், ஒட்டாதது விழட்டும். உள்ளங்கை மேலே அழுந்தவே கூடாது.

அடுப்பில் கொழுப்பு காய்ந்து தயாராக இருக்கும்போதுதான் இந்தப் புரட்டும் வேலையைத் தொடங்க வேண்டும். இதில் பலர் வழுவுகின்றனர். எல்லாத் துண்டுகளையும் முன்னதாகவே புரட்டி அடுக்கி வைத்துவிட்டால், ரொட்டித்தூள் முட்டையின் ஈரத்தையும் இறைச்சியின் ஈரத்தையும் உறிஞ்சிக் களியாகிவிடும். மடல் எழுதிய இல்லத்தில் இரண்டாம் நாள் நேர்ந்தது இதுவே. அந்தக் களி வாணலியில் மொறுமொறுப்பாவதற்குள் எண்ணெயை இழுத்துக்கொண்டு தோலாகிவிட்டது.

பொரிக்கும் கொழுப்பைப் பற்றி நம் இல்லத்தரசியருக்கு ஒரு நற்செய்தி. பவேரியரும் ஆஸ்திரியரும் இதற்கு உகந்ததாகக் கொள்ளும் 'புட்டர்ஷ்மால்ஸ்' வேறொன்றுமன்று. உருக்கித் தெளிய வைத்த வெண்ணெய், அதாவது நம் நெய்யின் உடன்பிறப்பு. வெண்ணெயை அப்படியே வாணலியில் இட்டால் அதிலுள்ள நீர் தெறிக்கும். பால்பொருள் அடியில் கருகும். உருக்கி அவற்றை நீக்கிவிட்டால் மிகுந்த சூட்டையும் தாங்கும். பழங்காலத்தில் பன்றிக் கொழுப்பிலும் பொரித்தனர். இன்றும் சிலர் அதையே சிலாகிப்பர். நெய்யின் விலையை நாம் அறியாதவரல்லர். வாசனையற்ற கடலை எண்ணெயிலோ சூரியகாந்தி எண்ணெயிலோ பொரித்து, கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி நெய் சேர்த்தால் மணம் வந்துவிடும். ஆனால் அளவில் சிக்கனம் செய்யலாகாது. அகன்ற தட்டை வாணலியில் விரற்கடை ஆழத்துக்குக் கொழுப்பு நிற்க வேண்டும். அதற்கு அரை லிட்டரேனும் பிடிக்கும். துண்டு அடியில் படாமல் மிதக்க வேண்டும். தோசைக்குத் தடவுவது போலத் தடவிச் செய்வதைக் காட்டிலும் செய்யாதிருப்பதே நன்று.

சூடு 170 பாகை அளவில் இருப்பது உத்தமம். வெப்பமானி இல்லாதவர் காய்ந்த மரக்கரண்டியின் காம்பை உள்ளே நிறுத்திப் பார்க்கலாம். அதைச் சுற்றிச் சிறு குமிழிகள் விடாமல் எழுந்தால் பதம். புகை வந்தால் சூடு மிகுந்துவிட்டது. துண்டை நம் பக்கத்திலிருந்து அப்பால் விலகிச் செல்லும்படி மெல்ல இறக்க வேண்டும். இறக்கியதும் வாணலியின் கைப்பிடியைப் பற்றிச் சிறிது முன்னும் பின்னும் வட்டமாக அசைத்துக் கொண்டேயிருக்க வேண்டும். அசைக்கையில் காய்ந்த கொழுப்பு துண்டின் மேற்புறத்திலும் அலைபோல் ஏறிப் பாயும். வாணலி கனமாயிருந்தால் கரண்டியால் கொழுப்பை மொண்டு மேலே ஊற்றலாம். குழந்தைகள் அருகில் இருந்தால் அதுவே காப்பு.

இந்த அசைவில்தான் இரகசியம் இருக்கிறது. சூடு இருபுறமும் ஒருங்கே பட்டவுடன் முட்டை இறுகிப் போர்வையாகிறது. அதே கணத்தில் அடியிலுள்ள ஈரம் ஆவியாகி வெளியேற வழிதேடுகிறது. தூள் இலேசாகப் படிந்திருந்தால் அந்த ஆவி போர்வையைத் தூக்கி நிறுத்துகிறது. பூரி உப்புவதும் இவ்வாறே அல்லவா? அழுத்தி ஒட்டிய தூளை ஆவியால் தூக்க முடிவதில்லை. அப்போது ஆவி பக்கவாட்டில் ஓட்டையிட்டு வெளியேற, அவ்வோட்டை வழியே எண்ணெய் உள்ளே நுழைகிறது. கொழுப்பு ஆறிப்போயிருந்தாலும் இதே கதிதான். ஆகவே ஒரே நேரத்தில் பல துண்டுகளை நெருக்கிப் போடக்கூடாது. ஒவ்வொரு துண்டும் சூட்டைக் குறைக்கிறது.

பக்கத்துக்கு ஏறக்குறைய 2 நிமிடம். பொன்னிறம் வந்ததும் ஒரே ஒரு முறை திருப்ப வேண்டும். குத்தித் தூக்காமல், இடுக்கியால் அல்லது இரு கரண்டிகளால் எடுக்க வேண்டும். எடுத்ததும் ஒரு கணம் தாள் மீது கிடத்தி எண்ணெயை ஒற்றிவிட்டுத் தட்டுக்கு மாற்றுக. மூடிவைத்தால் ஆவி உள்ளேயே அடைபட்டு, நாம் பட்ட பாடெல்லாம் இரண்டே நிமிடத்தில் நமுத்துப்போகும்.

இங்கேதான் இப்பண்டத்தின் பெருந்தொல்லையும் இருக்கிறது. இதைச் சமைத்து வைத்துக்கொண்டு விருந்தினரை எதிர்பார்த்திருக்க முடியாது. உண்பவர்தாம் காத்திருக்க வேண்டும். எட்டுப் பேர் அமர்ந்திருக்க, அன்னை ஒருவர் மட்டும் அடுப்பண்டை நின்று ஒவ்வொன்றாய்ப் பொரித்து அனுப்பிக்கொண்டிருந்தால், பிறர் உண்டு முடித்துக் கை கழுவும்போது அவர் வியர்வையோடு வந்து ஆறிய துண்டின் முன் அமர்வார். நம் இல்லங்களில் தோசைக்கும் பூரிக்கும் நடப்பது இதுதான். எவரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. நினைக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

பவேரிய மூதாட்டி அதற்கு ஒப்பவே மாட்டார். அவரிடம் இரண்டு பெரிய வாணலிகள் இருந்தன. இரண்டிலும் சேர்த்து எத்தனை துண்டு மிதக்குமோ அத்தனை பேருக்குத்தான் ஷ்னிட்ஸல். அதற்கு மேல் ஒருவர் வந்துவிட்டாலும் அன்று அடுப்பில் வேறு உணவு ஏறும். ஒருமுறை மறைமாவட்ட அலுவலகத்திலிருந்து மேலும் இருவர் வருவதாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. அவர் தட்டி வைத்த இறைச்சியை அப்படியே குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு, உருளைக்கிழங்கு வடிசாறு காய்ச்சத் தொடங்கியதை நாம் கண்டோம். மற்ற நாட்களில் உணவறையில் பரிமாறுபவர், ஷ்னிட்ஸல் நாளில் மட்டும் எங்கள் அனைவரையும் அடுக்களை மேசைக்கே அழைத்துவிடுவார். காய்க்கலவையும் குடிநீரும் எலுமிச்சைத் துண்டும் முன்னரே மேசையில் இருக்கும். முதலில் எல்லாரோடும் அமர்ந்து வடிசாறு அருந்துவார். பிறகு அவர் மட்டும் எழுந்து, மாவிலும் முட்டையிலும் புரட்டி, இரு வாணலிகளையும் இரு கைகளால் அசைத்து, 10 நிமிடத்தில் தம் துண்டோடு சேர்த்துக் கொண்டுவந்து அமர்ந்துவிடுவார். பங்குத்தந்தை அவர் அமரும்வரை முள்கரண்டியைத் தொடமாட்டார்.

ஒரே வாணலி வைத்திருக்கும் நம் வாசகருக்கு 4 பேர் என்ற வரம்பை நாம் சொன்னது அதனால்தான். துண்டுகளைச் சற்றுச் சிறிதாக வெட்டினால் இரண்டே தடவையில் பொரித்து முடிக்கலாம். முதல் தடவை எடுத்தவற்றைக் கம்பிச் சல்லடை மேல் பரப்பி வைத்தால் அந்த 4 நிமிடத்துக்கு மொறுமொறுப்புக் கெடாது. திருமண நாள், நற்கருணை முதல் விருந்து போன்ற பெருங்கூட்டத்துக்கு இதைத் திட்டமிடாதீர்கள். அதற்குக் குழம்பும் வறுவலும் இருக்கவே இருக்கின்றன.

துணையுணவு என்று பார்த்தால் எலுமிச்சை இன்றியமையாதது. பிழிந்த சாறு கொழுப்பின் திகட்டலை நீக்கும். உண்ணும் தறுவாயில்தான் பிழிய வேண்டும். உருளைக்கிழங்கு சாலட் அடுத்தது. வட ஜெர்மானியர் அதை மயோனைஸில் பிசைகிறார்கள். தெற்கே அவ்வாறன்று. ஒரு கிலோ உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடாக இருக்கும்போதே உரித்து மெலிதாக அரிந்து, பொடியாக நறுக்கிய வெங்காயத்தோடு, வினிகரும் சிறிது அரைத்த கடுகும் உப்பும் கலந்த சூடான இறைச்சி வடிசாற்றை ஏறக்குறைய கால் லிட்டர் ஊற்றி அரைமணி வைப்பார்கள். கிழங்கு சாற்றைக் குடித்துப் பளபளக்கும். எண்ணெயைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும்; முதலில் சேர்த்தால் சாறு உள்ளே இறங்காது. குழைந்து போகாத கிழங்காக வாங்குவது முக்கியம். நம் நாவுக்கு ஷ்னிட்ஸலைவிட இந்தச் சாலட்டே பிடித்துப்போகலாம். நமக்கு அப்படித்தான் ஆயிற்று.

ஜெர்மானியர் ஊருக்கு ஊர் இதில் வகைகள் வைத்திருக்கிறார்கள். மியூனிக் நகரத்தார் ரொட்டித்தூளுக்கு முன் இனிப்புக் கடுகும் குதிரை முள்ளங்கித் துருவலும் தடவுகின்றனர். பெர்லினில் ஹோல்ஸ்டைன் ஷ்னிட்ஸல் என்பது, 1909ஆம் ஆண்டில் மறைந்த அரசியல் அதிகாரி ஃப்ரீட்ரிஷ் ஃபொன் ஹோல்ஸ்டைனின் பெயரைத் தாங்கியது. மேலே பொரித்த முட்டையும் உப்பிட்ட மீனும் ஏறும். வேடர் ஷ்னிட்ஸல் என்று காளான் குழம்போடு வருவது ஒன்று. அதே பெயரைக் கேட்டுக் கிழக்கு ஜெர்மனியில் ஆவலோடு அமர்ந்தவருக்குத் தொத்திறைச்சியை வட்டமாக வெட்டித் தூள் பூசிப் பொரித்து, தக்காளிக் குழம்பும் நூடுல்ஸும் சேர்த்துக் கொடுப்பார்கள். அங்கே அதுதான் வேடர் ஷ்னிட்ஸல். காளான் குழம்பை மொறுமொறுப்பான மேலோட்டின் தலையில் ஊற்றிப் பரிமாறும் உணவகங்களை நாம் மன்னிக்கச் சித்தமாயில்லை. குழம்பு வேண்டுவோர் பக்கத்தில் கிண்ணத்தில் வைத்துக்கொள்ளலாம்; அல்லது தூள் பூசாத வெறும் இறைச்சித் துண்டை வாட்டிக் குழம்பில் இடலாம். ஜெர்மானியரில் பாதிப்பேர் நம்மோடு உடன்படுவர். மற்றப் பாதியோடு வாதிட்டுப் பயனில்லை.

பொரித்த கொழுப்பு ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, மூடிக் குளிரில் வைத்தால் இன்னொரு முறை பயன்படும். அதற்கு மேல் வேண்டாம். எஞ்சிய முட்டையையும் தூளையும் பிசைந்து சிறு வடையாகத் தட்டி அதே வாணலியில் பொரித்துவிடலாம். பச்சை இறைச்சி பட்டவையாதலால் நன்றாக வேகட்டும். மறுநாளைக்கென்று எடுத்து வைக்கக் கூடாது. துண்டு மீந்துபோனால் மறுபடி சூடாக்கிப் பழைய மொறுமொறுப்பை மீட்க முயல வேண்டாம். ஜெர்மானியர் ஆறிய ஷ்னிட்ஸலைக் குளிரில் வைத்து, மறுநாள் சிறு ரொட்டியை இரண்டாகப் பிளந்து, கடுகும் ஓர் இலைக் கீரையும் வைத்து அதனுள் செருகி, தாளில் சுற்றிப் பணிக்கும் பயணத்துக்கும் எடுத்துச் செல்கிறார்கள். தொடர்வண்டியில் ஏறி அமர்ந்ததும் அந்தத் தாள் சரசரக்கும் ஓசை பெட்டிதோறும் கேட்கும்.